பின்வளவு ஜப்பானிய மேப்பிள்: என்ன கோளாறு, என்ன செய்வது

"இலை கருகுது, என்ன பசளை போடலாம்?" ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டு முன்னால் சின்னதாய் ஒரு சிவப்பு மேப்பிள் வைத்திருக்கும் உறவுகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பசளையால் தீரும் கோளாறு இந்த மரத்துக்கு மிகக் குறைவு. இலையில் தெரிவதற்குக் காரணம் அநேகமாக மண்ணுக்குள் இருக்கும், அல்லது போன மாரிக் குளிரில் இருக்கும்.

நான் சொல்வது ஜப்பானிய மேப்பிளைப் பற்றி. ப்ளட்குட், எம்பரர் வன், கிரிம்சன் குவீன் என்ற பெயர்களில் இங்குள்ள நாற்றுக்கடைகளில் கிடைக்கிற சின்ன மரங்கள். தெருவோரம் நிற்கும் பெரிய நோர்வே மேப்பிளும், பாணி எடுக்கிற சீனி மேப்பிளும் இதற்குச் சொந்தம்தான், ஆனால் குணம் வேறு.

எந்த அறிகுறியோடு வந்தாலும் முதலில் இரண்டு காரியம் செய்துவிட்டு மேலே படியுங்கள். ஒன்று, அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். யானைக்கால் மாதிரி அகன்று, வேர் பிரியும் தோள் வெளியே தெரிய வேண்டும். வேலிக் கம்பம் புதைத்ததுபோல நேராக இறங்கினால் மரம் ஆழமாக நடப்பட்டிருக்கிறது, அல்லது அடியில் மல்ச் (மரத்தடியில் பரப்பும் மரச்சிராய்) குவிந்திருக்கிறது. இரண்டாவது, மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நடுவிரலை முழுதாக மண்ணுக்குள் இறக்குங்கள். விரல் நுனியில் ஈரம் இருக்கிறதா, பொடிமண்ணா, களி அப்பிக்கொள்கிறதா? இந்த இரண்டையும் பார்க்காமல் யார் சொல்லும் வைத்தியமும் குறி பார்க்காமல் எறிந்த கல்தான். நான் சொல்வதும் சேர்த்து.

இலை ஓரம் பழுப்பாகி மொறுமொறுக்கிறது

ஜூலை நடுப்பகுதியில் தொடங்கும். நுனியிலிருந்து உள்நோக்கி, பப்படம் கருகின மாதிரி. மரம் முழுவதும், அல்லது வெயில் படுகிற ஒரு பக்கம் முழுவதும் இப்படி இருந்தால் இது நோய் இல்லை. இலை இழக்கும் தண்ணீரை வேரால் ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்பதை விரல் சொல்லும்.

மண் காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. ஹோஸைப் பிடித்து இரண்டு நிமிடம் தெளித்தால் மேல்மண்தான் நனையும். நான் செய்வது இதுதான்: இருபது லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றின் அடியில் ஆணியால் இரண்டு சின்ன ஓட்டை போட்டு, மரத்திலிருந்து இரண்டடி தள்ளி வைத்து நிரப்பிவிடுவேன். சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய நேரமெடுக்கும், வழிந்தோடாது. நட்ட முதல் இரண்டு கோடைக்கும் மழையில்லாத வாரங்களில் வாரம் இரண்டு முறை இப்படி, வாளியை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி வைத்து. அதற்குப் பிறகு கடும் வெயில் காலத்தில் மட்டும் போதும்.

மண் சதசதவென்று இருந்து, கிளறினால் ஊறிப்போன வாடை அடித்தால், கோளாறு எதிர்ப்பக்கம். வேர் மூச்சுத்திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, அதனால் இலை காய்ந்த மரத்தின் இலை மாதிரியே கருகும். இதைப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் ஊற்றித்தான் அநேகமான மரங்களைக் கொல்கிறோம். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள புது வீடுகளின் வளவுகளில் புல்லுக்குக் கீழே பெரும்பாலும் இறுகிய களிமண். அதில் கிடங்கு வெட்டி, கடையில் வாங்கிய நல்ல மண்ணால் நிரப்பி நட்டால், சுற்றியுள்ள களி பாத்திரம் மாதிரி தண்ணீரைப் பிடித்துவைக்கும். கிடங்கை அகலமாக, ஆழமில்லாமல் வெட்டி, வெட்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, வேர்க்கட்டி தரையைவிட இரண்டு விரல்கடை உயர்ந்திருக்கிற மாதிரி நட வேண்டும். ஏற்கெனவே தாழ்வாக நட்டுவிட்டீர்கள், மரமும் சின்னது என்றால், ஏப்ரலில் மொட்டு விரியுமுன் கிளப்பி உயர்த்தி வைக்கலாம்.

விரலில் அளவான ஈரம், ஆனாலும் கருகுகிறதா? இடத்தைப் பாருங்கள். மேற்குப் பக்கச் செங்கல் சுவர் பின்னேர வெயிலை வாங்கி மரத்தின்மேல் திருப்பிக் கொட்டும். இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள ஒடுக்கத்தில் காற்று விசிறும். இந்த மரத்துக்குப் பிடித்தது காலை வெயிலும் பின்னேர நிழலும். இலை அரிந்தெடுத்த மாதிரி மெல்லியதாக இருக்கும் கிரிம்சன் குவீன் போன்றவை இதில் இன்னும் கூச்சம் கூடியவை.

கார் நிறுத்தும் பாதையோரம் நிற்கும் மரம் என்றால் உப்பையும் சந்தேகியுங்கள். மாரியில் வழுக்காமலிருக்க நாங்கள் கொட்டும் உப்பு பனியோடு உருகி வேருக்குத்தான் போகிறது. ஏப்ரலில் நிலம் இளகியதும் அந்த வாளியால் நாலைந்து தடவை நல்ல தண்ணீர் இறக்கினால் கொஞ்சம் கழுவுப்படும். அடுத்த மாரி அந்தப் பக்கத்துக்கு மணல் போடுங்கள்.

கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. பிய்க்கவும் வேண்டாம், மிச்சமிருக்கும் பாதி இலை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பசளை போடவே வேண்டாம். தாகத்தில் கிடக்கும் வேருக்கு அதுவும் உப்புத்தான்.

ஒரே ஒரு கிளை மட்டும் வாடுகிறது

மற்றக் கிளைகள் எல்லாம் செழிப்பாக நிற்க, ஒரு கிளையின் இலைகள் மட்டும் நாலைந்து நாளில் துவண்டு, உதிராமல் அப்படியே காய்ந்து தொங்கும். எங்கள் வளவுகளுக்கு இது முக்கியமான பகுதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் சாதாரணக் காரணங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். கிளை அடியில் முறிந்திருக்கிறதா, பந்து பட்டதா, முயல் பட்டையைத் தின்றதா. எதுவும் இல்லையென்றால் கூர்க்கத்தியால் சோதனை. வாடிய கிளையில் பெருவிரல் தடிப்புள்ள இடத்தில் குறுக்கே வெட்டி, பிறகு வெட்டிய முனையிலிருந்து பட்டையைச் சீவி இறக்குங்கள். நல்ல மரம் உள்ளே கடைந்த வெண்ணெய் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். நீளவாக்கில் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ கோடுகள் ஓடினால், குறுக்குவெட்டில் அவை புள்ளிப் புள்ளியாக ஒரு வளையம் போலத் தெரிந்தால், அது வேர்ட்டிசிலியம் வாடல் நோய். மெல்லிய நுனிக் கிளையில் கோடு தெரியாமல் போகலாம், தடித்த இடத்தில் வெட்டிப் பாருங்கள். உறுதிப்படுத்த வேண்டுமானால் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

இது மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை. வேர் வழியே ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். அது விரும்பித் தங்கும் பயிர்கள் எவை தெரியுமா? கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, வெண்டி. எங்கள் பின்வளவுத் தோட்டத்தின் முழுப் பட்டியல்! கத்தரி வாடினால் "வெயில் கூட" என்று பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வருடம் அதே பாத்தியில் நாற்று வைப்போம். பூஞ்சையின் கறுத்த நுண்ணிய விதைமணிகள் மட்டும் மண்ணில் பத்து வருடத்துக்கும் மேல் படுத்துக் கிடக்கும்.

என் முதல் ப்ளட்குட்டை நான் வைத்தது அப்படியொரு பாத்தியில். ஆறேழு வருடம் கத்தரியும் மிளகாயும் போட்ட இடம், மண் கறுப்பாய் உதிரியாய் இருந்தது, வளவிலேயே நல்ல இடத்தை மரத்துக்குக் கொடுத்தேன் என்ற பெருமை வேறு. மூன்றாவது கோடையில் தெற்குப் பக்கக் கிளை ஒன்று துவண்டது. தண்ணீர் காணாது என்று நினைத்தேன். நாலாவது கோடையில் பாதி மரம். அடியில் வெட்டியபோது பென்சிலால் கீறிய மாதிரி வளையமாகக் கறுப்புப் புள்ளிகள்.

மருந்து இல்லை. கடைக்காரர் எதையாவது கையில் தந்தால் வாங்காதீர்கள். ஆனால் எல்லா மரமும் செத்துப்போவதும் இல்லை. ஒரு கிளையோடு நின்றால், காய்ந்ததை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை எழுபது வீத அல்ககோலால் துடைத்து, கோடை முழுவதும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால், மரம் நோய்ப்பட்ட பகுதியை உள்ளே பூட்டிவிட்டு அதன்மேல் புதிய வளையம் போட்டு வளரக்கூடும். நைதரசன் கூடிய பசளை நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

செத்துவிட்டால் வேரோடு கிளப்புங்கள். அந்த மரத்தைச் சிராயாக்கி வேறு மரத்தடியில் போடாதீர்கள். அதே இடத்தில் இன்னொரு மேப்பிள் வைப்பது வீண்செலவு. ஜூனிப்பர், ஸ்புரூஸ் மாதிரி ஊசியிலை மரங்களுக்கும், அப்பிளுக்கும், பேர்ச்சுக்கும் இந்தப் பூஞ்சை ஒன்றும் செய்யாது. என் குழியில் இப்போது ஒரு அப்பிள் நிற்கிறது. புதிய மேப்பிளைப் புல் மட்டுமே வளர்ந்த முன்பக்கத்தில் வைத்தேன். அந்தப் பாத்தியில் தக்காளி வைத்தே தீருவேன் என்பவர்கள், பெயருக்குப் பின்னால் 'வி' (V) என்ற ஆங்கில எழுத்துப் போட்ட இனமாகப் பார்த்து வாங்கவும். இந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் என்பதற்கான குறி அது.

மே வந்தும் கிளை மொட்டையாக நிற்கிறது

பொறுமை. நகத்தால் பட்டையை மெல்லக் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகப் பொடிந்தால் அந்த இடம் முடிந்தது. நுனியில் தொடங்கிக் கீழே இறங்கி வந்து எங்கே பச்சை தொடங்குகிறது என்று பாருங்கள். ஆனால் ஜூன் நடுப்பகுதி வரை வெட்ட வேண்டாம். செத்தது என்று நினைத்த கிளையில் பிந்தித் துளிர் வந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

முழு மரமும் போய், அது பூச்சாடியில் நின்ற மரம் என்றால், காரணம் அநேகமாக வேர் உறைந்தது. கிளைகள் மைனஸ் 25 வரை தாங்கும் இனங்கள் உண்டு, வேருக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை. மைனஸ் 10 அளவிலேயே அதற்கு ஆபத்து. நிலத்துக்குள் இருக்கும் வேருக்கு மண்ணும் பனியும் போர்வை. வாசலில் வைத்த சாடிக்கு எதுவும் கிடையாது. இலை கொட்டியதும் சாடியை வெப்பமூட்டாத கராஜுக்குள் தள்ளி, மாதம் ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். வீட்டுக்குள் ஹீற்றர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கக்கூடாது, இந்த மரம் குளிரில் தூங்கியே ஆகவேண்டும்.

துளிர்த்த இலை ஒரே இரவில் கறுத்துத் தொங்குகிறது

பிந்தி வந்த உறைபனி. ஏப்ரலில் ஒரு வாரம் சூடு வந்ததும் மரம் ஏமாந்து துளிர்த்துவிடும், மே தொடக்கத்தில் ஓர் இரவு பூச்சியத்துக்குக் கீழே போகும், காலையில் அவித்த கீரை மாதிரித் தொங்கும். பயப்படாதீர்கள். மூன்று நாலு வாரத்தில் இரண்டாம் துளிர் வரும். முன்னரே வானிலை பார்த்தால் பழைய பருத்திச் சேலை ஒன்றை நிலம் தொட மூடிவிடுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். மே பின்பகுதியில் வரும் விக்ரோரியா தின நீள்விடுமுறை தாண்டினால் பெரும்பாலும் கவலை இல்லை. இனி வாங்கப்போகிறவர்கள் எம்பரர் வன்னைப் பாருங்கள், அது ப்ளட்குட்டைவிடச் சில நாள் பிந்தித் துளிர்க்கும். அந்தச் சில நாள்தான் காப்பாற்றுகிறது.

பட்டையில் காயம்

தென்மேற்குப் பக்கத்தில் நீளவாக்கில் வெடிப்பு: பெப்ரவரி வெயில் பட்டையைப் பகலில் சூடாக்கி, பொழுதுபட்டதும் திடீரென்று உறையவைப்பதால் வருவது. வெடிப்புக்குத் தார், களிம்பு எதுவும் பூசாதீர்கள், மரம் தானாக ஓரம் கட்டி மூடும். அடுத்த நவம்பரில் மரச்சுற்றுத் துணி சுற்றி, ஏப்ரலில் அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்க மறந்தால் அதற்குள் பூச்சி குடியிருக்கும்.

பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிகிறதா? முயல். கத்தியால் சரித்து வெட்டின மாதிரி நறுக்கென்ற குச்சிகளும் அதன் வேலைதான். பனிக்குக் கீழே நிலமட்டத்தில் ஒழுங்கில்லாமல் கொறித்திருந்தால் வயல் எலி. காயம் சுற்றளவில் பாதிக்குக் குறைவு என்றால் மரம் பிழைக்கும். வளையல் போட்ட மாதிரி முழுச் சுற்றும் போயிருந்தால் அதற்கு மேலே உள்ளது ஒரு கோடை தாக்குப்பிடிக்கலாம், பிறகு போய்விடும். தடுப்பது சுலபம்: கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை, பட்டையைத் தொடாமல், நிலத்துக்குள் இரண்டு அங்குலம் புதைத்து உருளையாகச் சுற்றுங்கள். உயரம் முழங்காலுக்கு மேலே. பனி ஒரு அடி விழுந்தால் முயல் அந்தப் பனியின்மேல் ஏறி நின்று சாப்பிடும் என்பதை மறந்து குட்டையான வலை போட்டு ஏமாந்தவன் நான்.

அடிமரத்தில், நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில், வருடா வருடம் ஒரே இடத்தில் காயம் என்றால் முயலைக் குற்றம் சொல்லாதீர்கள். புல் வெட்ட வருபவரின் நைலோன் கயிற்று மெசின். மரத்தைச் சுற்றிப் புல்லை எடுத்துவிட்டு மல்ச் போட்டால் அவருக்கும் அங்கே வேலை இல்லை. மல்ச் மூன்று அங்குலம் போதும், அடிமரத்திலிருந்து ஒரு கை அகலம் விலகி. எரிமலை மாதிரிக் கூம்பாகக் குவித்தால் பட்டை அழுகும், எலிக்கும் வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

சிவப்பு மரம் பச்சையாகிறது

இரண்டு வேறு விஷயங்கள். இலையெல்லாம் ஓகஸ்ட்டில் மெல்ல மங்கிப் பச்சை கலந்த வெண்கல நிறமானால் அது வெப்பமும் நிழலும் செய்வது. நாள் முழுக்க நிழலில் நிற்கும் ப்ளட்குட் ஒருநாளும் கடையில் பார்த்த சிவப்பில் நிற்காது. நோய் இல்லை.

ஆனால் அடியிலிருந்து சில தண்டுகள் மட்டும் பளிச்சென்ற பச்சை இலையோடு வேகமாக எழும்பினால் உடனே கவனியுங்கள். நீங்கள் வாங்கியது ஒட்டு மரம். கீழே சாதாரணப் பச்சை ஜப்பானிய மேப்பிள் வேர், மேலே நீங்கள் காசு கொடுத்த இனம். அடிமரத்தில் ஒட்டிய இடம் சின்ன வீக்கமாகத் தெரியும். அதற்குக் கீழே வருவதெல்லாம் வேரினம். ஒரு விருந்தாளியைச் சாப்பிடச் சொன்னால் வீட்டையே எழுதி வாங்கும் கதைதான், இரண்டு மூன்று வருடத்தில் மேலே உள்ளதை அமுக்கிவிடும். தண்டு இளசாக இருக்கும்போதே மண்ணை விலக்கி, முளைத்த இடத்தோடு பிய்த்தெடுங்கள்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்பும் மங்கனீசும் வேருக்குக் கிடைக்கவில்லை. மண்ணில் அவை இல்லாமல் இல்லை, மண் காரத்தன்மையாக இருப்பதால் கரையாமல் கிடக்கின்றன. இந்தப் பகுதிக் களிமண்ணில் சுண்ணாம்பு அதிகம், சுவரோரம் சிந்திய கொங்கிரீற்றும் சேர்ந்துகொள்ளும். இதில் எங்கள் பங்கும் உண்டு: அடுப்புச் சாம்பலும் முட்டைக்கோதும் செடிக்கு நல்லது என்று அம்மம்மா காலத்துப் பழக்கம். இரண்டும் மண்ணின் காரத்தைக் கூட்டும், இந்த மரத்தடியில் வேண்டாம். வடித்த கோப்பி மண்டி போட்டால் புளிப்பேறும் என்பதும் சரியில்லை, காய்ச்சிய பிறகு அதில் புளிப்பு பெரிதாக மிஞ்சுவதில்லை. மண்ணைச் சோதித்துப் பார்த்து, காரம் கூடவென்றால் கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாக. பலன் தெரிய ஒரு வருடமாவது எடுக்கும். அதற்கு முன் விரலை இன்னொரு தடவை மண்ணில் இறக்குங்கள், ஊறிக்கிடக்கும் வேரும் இதே மஞ்சளைத்தான் காட்டும்.

பூச்சியும் புள்ளியும்

இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது என்றால் இலையின் அடியில் அசுவினி. ஹோஸால் பலமாக அடித்துக் கழுவுங்கள், அப்புறம் பொறிவண்டுகள் பார்த்துக்கொள்ளும்.

இலை நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சி, செப்பு முதுகும் பச்சைத் தலையுமாய் மினுங்கும் வண்டுகள் இருந்தால் ஜப்பானிய வண்டு. விடியப்புறம் குளிரில் மந்தமாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் விழும். கடையில் விற்கும் மஞ்சள் பொறிப்பையைத் தொங்கவிட்டால் அடுத்த தெரு வண்டும் உங்கள் வீட்டுக்கு வரும். வேண்டுமென்றால் பிடிக்காத ஆளுக்குப் பரிசாகக் கொடுக்கலாம். கடும் மருந்து தேடாதீர்கள், 2009 இலிருந்து ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்துக்கு அழகுக்காக இரசாயனப் பூச்சிகொல்லி அடிப்பது தடை.

தார் சிந்தின மாதிரிக் கறுப்பு வட்டங்கள் பெரும்பாலும் பக்கத்து நோர்வே மேப்பிளில்தான் வரும். பார்க்கத்தான் அசிங்கம். இலையைக் கூட்டி அள்ளினால் போதும்.

பூச்சியும் இல்லாத, புள்ளியும் இல்லாத இன்னொன்று: மார்ச்சில் கிளையை வெட்டினால் வெட்டுவாயிலிருந்து தண்ணீராக ஒழுகும். மரம் செத்துப்போகாது, சீனி மேப்பிளில் அதே ஒழுக்கைப் பிடித்துத்தான் நாற்பது லீற்றரைக் காய்ச்சி ஒரு லீற்றர் பாணி எடுக்கிறார்கள். ஆனாலும் கத்தரிப்பை ஜூலைக்கு ஒத்திவையுங்கள்.

டிசம்பர் வந்தும் இலை உதிரவில்லை, கிளையில் பனி பாரமாக நிற்கிறது

இலையுதிர் காலம் முடியுமுன் திடீரென்று கடும் குளிர் அடித்தால், இலை கழன்று விழ நேரம் கிடைக்காமல் காய்ந்து தொங்கும். உருவ வேண்டாம், வசந்தத்தில் மொட்டே தள்ளிவிடும். ஆனால் அந்த இலைகளில் பனி தங்கும். மெல்லிய பனி என்றால் தும்புத்தடியால் கீழிருந்து மேலாகத் தட்டி விடுங்கள், மேலிருந்து அடித்தால் கிளை முறியும். 2013 டிசம்பரில் ரொறன்ரோவைப் போர்த்த மாதிரி கண்ணாடிப் பனிக்கட்டி கிளையைச் சுற்றி இறுகியிருந்தால் தடியைத் தொடவே வேண்டாம். தானாக உருகும்வரை விட்டுவிட்டு, முறிந்ததை மட்டும் பிறகு வெட்டுங்கள்.